குடும்பத்துக்கு ஒரு பொருளாளர்

ஜனவரி மாதம் கரக் மலைமேல் அடிக்கிற காற்றில் கல்லுக்கே சளி பிடிக்கும். அப்படிப்பட்ட ஒரு காலையில்தான் ஹாயில் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, வீட்டிலிருந்த ஒரே மண்ணெண்ணெய்க் கணப்பைத் தன் கையாலேயே அணைத்தான்.

“இன்னைலேர்ந்து என்னைக் கேக்காம இந்த வீட்டுலேர்ந்து ஒரு காசு வெளிய போகக் கூடாது.”

“காசு போகாது. நாமதான் போயிடுவோம்,” என்றாள் அவன் மனைவி இன்ஸாஃப், போர்வைக்குள்ளிருந்து.

“கடன் தலைமேல நிக்குது, உம்மு குதைபா.”

“நிக்கட்டுமே. அதுக்கும் குளிராதா?”

உம்மு என்றால் அம்மா, அபூ என்றால் அப்பா; குதைபா அவர்களுடைய ஒரே மகன். பட்டாளத்தில் இருந்தான். அங்கே கணப்பு எரிந்தது. அதனால் இந்தக் கதையில் அவனுக்கு வேலையில்லை.

கடன் வந்த விதத்தைச் சொல்லிவிட வேண்டும். ஹாயிலின் தம்பி கல்யாணத்துக்கு நாலு ஆடு போதும் என்று எல்லோரும் சொன்னார்கள். “என் வீட்டுக்கு வந்தவன் சோத்துக்குள்ள கறியைத் தேடணுமா?” என்று கேட்டு ஹாயில் எட்டு ஆடு அடித்தான். ஊர் வந்தது, தின்றது, கையைக் கழுவிக்கொண்டு போனது. தீவனக் கடை அபூ ரக்கான் மட்டும் போகவில்லை. கடன் கொடுத்தவர் எப்படிப் போவார்? ஆறு தங்க வளையல்களை ஈடாக வாங்கித் தன் இரும்புப் பெட்டியில் பூட்டிவைத்திருந்தார்.

வளையல்கள் இன்ஸாஃபுடையவை. கல்யாணத்தின்போது மஹராக, மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் சீராக வந்தவை. புருஷனே ஆனாலும் தொட உரிமையில்லாத சொத்து. “மூணே மாசம், உன் கையில திரும்பப் போட்டு விடறேன்” என்று ஹாயில் கெஞ்சியதில் கழற்றிக் கொடுத்துவிட்டாள். மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் பணம் வராவிட்டால் வளையல்கள் நகைக்கடைக்கு விற்கப் போய்விடும். பெண்கள் யாராவது வீட்டுக்கு வந்தால் இன்ஸாஃப் சட்டைக் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொள்வாள். தனியாக இருக்கும்போது வெறும் கையைப் பார்த்து அழுவாள். ஹாயிலுக்கும் அழுகை வரும். ஆனால் அவனுக்கு அழுகை வந்தால் சட்டம் போடுவான்.

சட்டங்கள் வரிசையாக வந்தன. டீக்கு ஒரு கரண்டி சர்க்கரை. அதைக் கலக்கக் கூடாது, அடியில் தங்குவது அடுத்த டீக்கு. வீட்டுக்கு ஒரே பல்பு; ஆள் எந்த அறைக்குப் போகிறாரோ அந்த அறைக்கு அதுவும் கூடவே போகும். காபிக்குள் ஏலக்காய் போட வேண்டியதில்லை. டப்பாவைத் திறந்து பக்கத்தில் வைத்தால் வாசனை தானாகப் போய்ச் சேரும்.

“அப்ப கசாப்புக் கடைக்குப் பக்கத்துல நின்னு ரொட்டியத் தின்னுட்டு வந்துடலாமே,” என்றாள் இன்ஸாஃப்.

ஹாயில் யோசித்துப் பார்த்தான். கடை தூரமாக இருந்ததால் விட்டுவிட்டான்.

அவன் மினிபஸ் ஓட்டினான். மலையூர். ஊரைவிட்டு எந்தப் பக்கம் போனாலும் இறக்கம்தான். இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை உருட்ட ஆரம்பித்தான். டீசல் மிஞ்சியது. பயணிகள், சாகப்போகிறவர்கள் சொல்லும் கலிமாவைச் சொல்லிக்கொண்டே இறங்கினார்கள். இரண்டு பேர் பழைய கடன்களையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று கேள்வி.

அன்றன்று வசூல் ஒரு தகரப் பெட்டிக்குள் போகும். பெட்டிச் சாவி ஹாயிலின் கழுத்தில் தொங்கும். குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டான். குளிப்பதும் குறைந்துபோயிருந்தது, வெந்நீர் செலவு.

“எல்லாச் சட்டமும் சரி,” என்றாள் இன்ஸாஃப் ஒருநாள். “உங்க சிகரெட்டு?”

“அது செலவு இல்ல. தொழிலுக்கு வேண்டியது. வண்டிக்கு டீசல், எனக்கு அது.”

“இறக்கத்துல வண்டிய அணைச்சிடறீங்க. வாய அணைக்கறதில்லையே?”

“இன்ஸாஃப்!”

“சாயங்காலம் காபிக் கடையில சீட்டாட்டம். தோத்தா மேசையில இருக்கறவனுக்கெல்லாம் உங்க காசுல டீ.”

“தோத்தாத்தானே!”

“நீங்க என்னைக்கு ஜெயிச்சிருக்கீங்க?”

ஹாயில் பல்பைக் கழற்றிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டான்.

கடைசி வாரம் வந்தது. கதவைச் சாத்திவிட்டுப் பெட்டியைத் திறந்தார்கள். ஹாயில் எண்ணினான். தப்பாக எண்ணிவிட்டோம் என்று இன்னொரு தடவை எண்ணினான். இன்ஸாஃப் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடனில் சரியாகப் பாதிதான் இருந்தது. அவள் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள்.

“இவ்வளவுதானா? குளிருல கெடந்தது, கசப்புக் காபி குடிச்சது, இருட்டுல தட்டுத் தடுமாறினது, எல்லாம் இதுக்கா?”

ஹாயிலின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய் ஒரு சிகரெட்டை எடுத்தது. அவள் பார்த்த பார்வையில் அதைப் பற்றவைக்கத் தைரியம் வரவில்லை. காதில் செருகிக்கொண்டான்.

“கவலைப்படாத. என்கிட்ட ஒரு யோசனை இருக்கு. நாளைக்கு அபூ ரக்கான் வீட்டுக்குப் போறேன். காபி குடுப்பார். நான் கிண்ணத்தக் கீழ வைக்கப்போறேன்.”

இன்ஸாஃப் நிமிர்ந்தாள். அது சாதாரண விஷயமில்லை. விருந்தாளி காபிக் கிண்ணத்தை வாங்கி, வாயில் வைக்காமல் கீழே வைத்துவிட்டால், ஏதோ கேட்க வந்திருக்கிறான் என்று அர்த்தம். “குடிங்க, கேட்டது கிடைச்சாச்சு” என்று வீட்டுக்காரர் வாக்குக் கொடுக்கிறவரை அவன் அதைத் தொடமாட்டான். விருந்தாளியின் காபி ஆறிப்போகிற அளவுக்கு விட்டவன் அப்புறம் ஊருக்குள் தலைகாட்ட முடியாது. பெண் கேட்பது, கொலைப் பழிக்குச் சமாதானம் பேசுவது, பங்காளிச் சண்டையை முடிப்பது என்று பெரிய காரியங்களெல்லாம் அந்தச் சின்னக் கிண்ணத்தில்தான் நடக்கும்.

மறுநாள் ஹாயில் போனான். அபூ ரக்கான் வாய்நிறைய வரவேற்றார். மெத்தையில் உட்காரவைத்தார். திண்டு கொடுத்தார். உள்ளேயிருந்து தட்டு வந்தது. தட்டில் டீ.

ஹாயில் டீயைப் பார்த்தான். அபூ ரக்கானைப் பார்த்தான்.

“காபி...?”

“இந்த வீட்டுல காபி காய்ச்சறத நிறுத்தி ஒரு வருஷம் ஆச்சுப்பா. வர்றவன் போறவன் எல்லாம் கிண்ணத்தக் கீழ வச்சிட்டான். வச்ச இடமெல்லாம் என் பணம் நின்னு போச்சு. டீ குடி. டீ நல்லது. யாருக்காகவும் சிபாரிசு பண்ணாது.”

ஹாயில் டீயையும் கீழே வைத்துப் பார்த்தான்.

“சூடா இருக்கா? ஊதிக் குடி,” என்றார் அபூ ரக்கான். “அப்ப வெள்ளிக்கிழமை பார்ப்போம்.”

ஹாயில் வீட்டுக்கு வந்து மெத்தையில் குப்புறப் படுத்துவிட்டான். அந்த ஒரு தடவை இன்ஸாஃப் அவனைக் குத்திக் காட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. அவள் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு கிளம்பினாள்.

“எங்க போற?”

“நம்ம ஹாஜியார் பெரியப்பாவப் பார்க்க. அப்படியே அபூ ரக்கான் சம்சாரத்தையும் பார்த்துட்டு வர்றேன். அவங்களுக்கு முட்டி வலியாம்.”

“பணத்தப் பத்திப் பேசாத. அது ஆம்பளைங்க விஷயம்.”

“முட்டியப் பத்தித்தான் பேசுவேன்,” என்றாள்.

புதன்கிழமை சாயங்காலம் அவள் கீரை ஆய்ந்துகொண்டே போகிறபோக்கில் சொன்னாள்: “நாளைக்குச் சாயங்காலம் அஸர் தொழுகைக்கப்புறம் பெரியப்பா வர்றார். அபூ ரக்கானும் கூட வர்றார்.”

படுத்திருந்த ஹாயில் தலையைத் தூக்கினான். “அபூ ரக்கானா? கெடு வெள்ளிக்கிழமைதானே? எதுக்கு ஒரு நாள் முன்னாடியே வர்றாரு?”

“எனக்கென்ன தெரியும்? ஆம்பளைங்க விஷயம். குடும்பத்துக்கு ஒரு பொருளாளர் வேணும்னு பெரியவங்க பேசிக்கிட்டிருந்தாங்க. நீங்க இறக்கத்துல வண்டிய அணைக்கிறது வரைக்கும் பேச்சு வந்துது.”

ஹாயில் எழுந்து உட்கார்ந்தான். இவன் குடும்பம், இவன் மாமனார் குடும்பம் எல்லாம் ஒரே வம்சம். வம்சத்துக்கு ஒரு சங்கம் இருந்தது. சங்கத்துக்குக் கட்டடம், நாற்காலிகள், முத்திரை எல்லாம் இருந்தன. பொருளாளர் நாற்காலி மூன்று மாதமாகக் காலியாகக் கிடந்தது.

“நெசமாவா?”

“வேணும்னுதான் சொன்னாங்க. சத்தியமா.”

அன்று ஹாயில் சரியாகத் தூங்கவில்லை. ஒரு பக்கம் புரண்டால் பொருளாளர் நாற்காலி வந்தது. மறுபக்கம் புரண்டால் அபூ ரக்கான் வந்தார். பொருளாளரிடம் போய் யாராவது வளையலைப் பிடுங்குவார்களா? மாட்டார்கள். கெடு கொடுப்பார்கள். ஒருவேளை கடன்காரன் எப்படிப் பொருளாளர் ஆகலாம் என்று கேட்கத்தான் அவர் வருகிறாரோ? மறுபடியும் புரண்டான்.

மறுநாள் கணப்பை அவனே பற்றவைத்தான். ஏலக்காயை டப்பாவிலிருந்து தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தான். இன்ஸாஃப் இன்னும் ஒரு பிடி அள்ளியபோது கண்ணை மூடிக்கொண்டான்.

அவர்கள் வந்தார்கள். பெரியப்பா ஹாஜியார் முத்லக் முன்னால், அபூ ரக்கான் பின்னால், அவர்களோடு பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர். ஹாயில் காபியை ஊற்றினான். ஹாஜியார் கிண்ணத்தை வாங்கினார். வாசனை பிடித்தார். கீழே வைத்தார்.

அபூ ரக்கானும் வைத்தார். மற்ற இருவரும் வைத்தார்கள்.

திரைக்கு அந்தப்பக்கம் அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. நாலு கிண்ணங்களிலும் ஆவி ஏறிக்கொண்டிருந்தது.

“உன்கிட்ட ஒண்ணு கேக்க வந்திருக்கோம், அபூ குதைபா,” என்றார் ஹாஜியார்.

“என்ன கேக்கணுமோ கேளுங்க பெரியப்பா.”

“நீ வாக்குக் குடு. அப்புறம் கேக்கறோம். குடும்பத்துப் பண விஷயம்.”

குடும்பம்! பணம்! ஹாயில் ஓரக்கண்ணால் அபூ ரக்கானைப் பார்த்தான். அவர் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஆவி குறைந்துகொண்டே வந்தது. கேட்கப்போவது வளையல்களாக இருந்தால்? பதவியாக இருந்தால்? பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கிண்ணத்தை விரலால் தொட்டுப் பார்த்து, “ஆறுது,” என்றார்.

ஹாயில் நெஞ்சில் கைவைத்தான். “குடிங்க பெரியப்பா. குடிங்க எல்லாரும். கேட்டது கிடைச்சாச்சு!”

நாலு பேரும் ஒரே மடக்கில் குடித்துவிட்டார்கள்.

“அல்லாஹ் உன் வீட்டுல பரக்கத் பண்ணட்டும்,” என்று ஹாஜியார் மீசையைத் துடைத்தார். “கடன் அடையற வரைக்கும் இந்தக் குடும்பத்துக் காசு உம்மு குதைபா கையில இருக்கணும். வண்டி வசூல் அன்னன்னைக்கு அவகிட்ட. உன் சிகரெட்டு, காபிக் கடை எல்லாம் அவ குடுத்தா உண்டு.”

ஹாயிலின் வாய் திறந்தது.

“பொருளாளர்னு... சங்கத்துக்கு...”

“சங்கத்துக்கா?” என்றார் ஹாஜியார். “சங்கத்துல பணமே கெடையாதேப்பா. நாங்க கேட்டது இந்தக் குடும்பத்துக்கு. கெடைச்சிட்டா.”

அபூ ரக்கான் இருமினார். “என்னை ஒண்ணும் சொல்லாத. எங்க வீட்டுல காபி இல்லன்னு நெனச்சுட்டிருந்தேன். பொம்பளைங்க பக்கம் காய்ச்சியிருக்காங்க. உன் சம்சாரம் என் சம்சாரத்துகிட்ட கிண்ணத்தக் கீழ வச்சிட்டா. அவ வாக்குக் குடுத்துட்டு வந்து என்கிட்ட நின்னா. எனக்கு என்ன வளையலா போட்டுக்க ஆசை? எனக்குப் பணம் வந்தாப் போதும். உன் கையில இருந்தா வராது, அவ கையில இருந்தா வரும்.”

சாவியைக் கழுத்திலிருந்து கழற்றும்போது அது காதில் மாட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர் உதவி செய்தார். திரைக்குக் கீழே ஒரு கை நீண்டு சாவியை வாங்கிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் அதே கை பாதிக் கடனைப் பொட்டலமாக வெளியே நீட்டியது. அபூ ரக்கான் எண்ணிப் பார்த்துவிட்டு, இடுப்பிலிருந்து ஒரு கைக்குட்டையை அவிழ்த்தார். உள்ளே மூன்று வளையல்கள். “பாதிக்குப் பாதி. மிச்சத்துக்கு ஒலிவ் அறுவடை வரைக்கும் கெடு.”

கை அவற்றை வாங்கியது. திரைக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஹாயிலுக்கும் அழுகை வந்தது. சட்டம் போட வாயெடுத்தான். போட அதிகாரம் இல்லை.

மறுநாள் காலையில் அவன் எழுந்தபோது கணப்பு எரிந்துகொண்டிருந்தது. அறை கதகதப்பாக இருந்தது. ஏலக்காய் வாசனை வாசல்வரை வந்தது. இன்ஸாஃப் வளையல் குலுங்கக் காபி ஊற்றிக் கொடுத்தாள். ஹாயில் சட்டைப்பையைத் தடவினான். காலி. கிண்ணத்தைக் கையில் வாங்கினான். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தான். ஊர்ப் பெரியவர்களெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பதுபோல, மெதுவாக அதைக் கீழே வைத்தான்.

“என்ன?”

“ஒண்ணு கேக்கணும், உம்மு குதைபா.”

“என்ன கேக்கணும்?”

“ஒரே ஒரு பாக்கெட்டு. வாக்குக் குடுத்தாத்தான் குடிப்பேன்.”

இன்ஸாஃப் அவனைப் பார்த்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். ஆவி குறைந்துகொண்டிருந்தது. குனிந்து கிண்ணத்தை எடுத்தாள். ஒரே மடக்கில் தானே குடித்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள்.

“வேணாமா? நல்லது. ஒரு காபி மிச்சம்.”