அருவியில் கொட்டிய இடியாப்பம்

எனக்குப் பொறுமை அறவே கிடையாது. குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும் வரைகூடக் காத்திருக்க மாட்டேன். அப்படிப்பட்டவளிடம் தென்காசி டாக்டரம்மா, "பிசிஓஎஸ்தான், சினைப்பையில நீர்க்கட்டி. மாத்திரையோட தினமும் நடங்க, நேரத்துக்குத் தூங்குங்க, புரோட்டாவக் குறைங்க. பட்டினி மட்டும் கிடக்காதீங்க. மெதுவாத்தான் சரியாகும்" என்றார். கல்யாணமாகி நாலு வருஷம். எனக்குப் பிள்ளை வேண்டும். மெதுவாக அல்ல, உடனே!

ஆகவே மூன்று நாள் வெள்ளரிக்காயும் கொள்ளுத் தண்ணீரும் மட்டும். (என் மாமியார் அவித்த இட்லியெல்லாம் பக்கத்து வீட்டு நாய்க்குப் போனது. அது தனியாகக் குண்டானது.)

நாலாம் நாள் அத்தை, அதாவது அதே மாமியார், என்னைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார். நல்ல சாரல். மலை இருந்த இடத்தில் மேகம்தான் இருந்தது. பெண்கள் வரிசையில் நின்று அருவியை அண்ணாந்து பார்த்தேன். தண்ணீர் வெள்ளை வெளேரென்று நூல் நூலாக விழுந்தது. பிறகு பார்த்தால் அது தண்ணீரே இல்லை, இடியாப்பம்! உச்சியிலிருந்து சுடச்சுடக் கொட்டுகிறது, பின்னாலேயே தேங்காய்ப்பால் சொதி. வாழையிலையை விரித்து ஏந்துகிறேன். இலையின் மறுமுனையை ஒரு சின்னப் பெண் பிடித்திருக்கிறாள். "விட்டுராதம்மா" என்கிறாள். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

கண் விழித்தபோது ஈரத்தரையில் கிடந்தேன். கடையத்திலிருந்து குளிக்க வந்த ஓர் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து, கண்ணை மூடி, "ரெட்ட நாடில்லா ஓடுது! பிள்ள உண்டாயிருக்கா!" என்று தீர்ப்புச் சொன்னாள்.

வரிசையே குலவை போட்டது. அத்தை அழுதுவிட்டார். அங்கேயே பட்டினிக் கதையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நானும் நம்பிவிட்டேன், அவ்வளவு ஆசை.

தெரு முழுக்க அல்வா கொடுத்தாயிற்று. ஆபீசிலிருந்து கணவர் மாங்காயோடு ஓடிவந்தார். அதன் பிறகுதான் மெடிக்கலில் கர்ப்பம் பார்க்கும் கிட் வாங்கிப் பார்த்தோம். ஒற்றைக் கோடு. கதவைச் சாத்திக்கொண்டு அழுது தீர்த்துவிட்டு, வெளியே வந்து வெள்ளரிக்காயை ஒப்புக்கொண்டேன்.

"ஏட்டி, திங்காமலா விழுந்த? இனி தெருவுல எப்படி முழிப்பேன்?" என்று கத்திய அத்தை, கொஞ்ச நேரம் கழித்து, "சரி, மூஞ்சியக் கழுவிட்டுச் சாப்பிட வா. நாளையிலருந்து நானும் உங்கூட நடக்கேன்" என்றார்.

நடந்தோம். இலஞ்சி வரை, சாரலில் ஒரே குடையில், ஒன்றரை வருஷம்.

ஒருநாள் காலை அடுப்படியில் தலை சுற்றி உட்கார்ந்தேன். அத்தை பதறவே இல்லை. மூன்று இட்லியை முன்னால் வைத்தார். "மொதல்ல தின்னு. பொறவு பாப்போம்."

தின்றேன். பார்த்தோம். இரண்டு கோடு!

"இன்னும் ரெண்டு இட்லி தின்னுட்டு இன்னொருக்கா பாரு" என்றார் அத்தை.

இப்போதும் எங்கள் வீட்டில் யார் நல்ல செய்தி சொன்னாலும், "இட்லி தின்னுட்டுத்தான் சொல்லுதியா?" என்றுதான் கேட்பார்கள். கேட்பதில் முதல் ஆள் என் மகள். மூன்று வயது. அருவியில் இலையைப் பிடித்த அதே முகம், ஆனால் இடியாப்பம் மட்டும் அவளுக்கு ஆகவே ஆகாது.