இல்லாத கழிப்பறைக்கு வந்த நிதி

ஒரு கல்லூரியின் மாண்பை, அங்கே படித்துத் தேறியவர்களைக் கொண்டு அளந்த இருண்ட காலம் ஒன்று இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் அந்த இருள் விலகி, 'வெளிநிதி' என்னும் பேரொளி பிறந்தது. மதுக்கரை ரோட்டில் இருந்த அந்தக் கலைக் கல்லூரி கோவை வட்டாரத்திலேயே முதன்முதலாக அதைத் தரிசித்தது. முதல்வர் பாலகோபால் பத்துப் பேர் கொண்ட 'வெளிநிதி ஈர்ப்புக் குழு' ஒன்றை அமைத்தார். குழு வாரம் இருமுறை கூடி, அடுத்து என்றைக்குக் கூடுவது என்று முடிவெடுத்தது.

பொருளாதார விரிவுரையாளர் ராமாமணிக்கு அத்தனை தொலைநோக்கு போதாது. ஆண்கள் மட்டும் படித்த கல்லூரியில் பெண்களைச் சேர்த்து மூன்று வருஷமாகியிருந்தது. மாணவியர் எண்பத்து மூன்று பேர். அவர்களுக்குக் கழிப்பறை ஒன்றுகூட இல்லை. ரோட்டைத் தாண்டி, எருமை வளர்க்கும் செல்லாத்தாள் வீட்டுக்குத்தான் எல்லாரும் போய் வந்தார்கள். ராமாமணியும்தான்.

"ரெண்டே ரெண்டு கக்கூஸ் கட்டிக் குடுத்தாப் போதுமுங்க சார்" என்று அவர் முதல்வரிடம் போய் நின்றார்.

முதல்வர் பரிவோடு சிரித்தார். "கக்கூஸுக்கு எவனுங்க அம்மணி கிராண்ட் குடுப்பான்? கக்கூஸ் இல்லீங்கறதப் பத்தி ஆராய்ச்சி பண்றேன்னு எழுதுங்க. அள்ளிக் குடுப்பான்."

ராமாமணிக்குப் பொறி தட்டியது. ஆய்வறிக்கையின் கடைசி வரியில் 'உடனே கழிப்பறை கட்டுக' என்று எழுதிவிட்டால் யார் மறுக்க முடியும்? மூன்று வாரம் உட்கார்ந்து நாற்பது பக்க விண்ணப்பம் எழுதினார். 'வசதிக் குறைவும் மாணவியர் இடைநிற்றலும்: ஒரு கொங்கு நோக்கு'. பெண்கள் பாதியில் படிப்பை விடுவதற்குத்தான் இடைநிற்றல் என்று பெயர். பெயர் பிடித்துப்போய் டெல்லி நான்கு லட்சம் அனுப்பியது.

கல்லூரி வாசலில் பத்தாயிரம் வாலா வெடித்தார்கள். களத்துக்குச் செல்ல ஒரு ஜீப் வந்தது. களம் ரோட்டுக்கு எதிர்ப்புறம் இருந்தது. முதல்வர் அறைக்குக் 'கள அலுவலகக் குளிரூட்டல்' என்ற தலைப்பில் ஏ.சி. வந்தது. இரண்டு நாள் தேசியக் கருத்தரங்கும் நடந்தது. பெண்களுக்குக் கழிப்பறை ஏன் அவசியம் என்பதை ஒன்பது ஆண்கள் விளக்கினார்கள். கேட்க வந்த பெண்கள் செல்லாத்தாள் வாசலில் வரிசையில் நின்றார்கள்.

"ஏனுங்க டீச்சர், உங்க காலேஜுல கண்ணாலமுங்களா? இத்தன சனம் என்ர ஊட்டுக்கு வருது!"

"கருத்தரங்குங்க."

"என்னத்தப் பத்திங்க?"

ராமாமணி எருமையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த மார்கழியில் ரங்கநாயகி வகுப்புக்கு வரவில்லை. காரமடையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற பெண். வகுப்பில் அவள்தான் முதல். ஒதுங்க இடமில்லாததால் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. நீர்க்கடுப்பு முற்றி, காய்ச்சலில் விழுந்துவிட்டாள். அவளுடைய அப்பா டி.சி. கேட்டு வந்தார்.

"படிப்பு வேண்டாமுங்க டீச்சர். புள்ள பொழச்சாப் போதுமுங்க."

ராமாமணி அந்த விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு முதல்வர் அறைக்கு ஓடினார். அதைப் படித்ததும் முதல்வரின் முகம் மலர்ந்தது.

"நெசமாலுமே நின்னுபோட்டாளுங்களா? ஒரு கேஸுகூட இல்லாம ரிப்போர்ட்ட எப்பிடி அனுப்பறதுன்னு தவிச்சிட்டு இருந்தனுங்க!" விண்ணப்பத்தைக் கோப்பில் பத்திரமாகச் செருகினார். "ரெண்டாங் கட்டத்துக்கு எட்டு லட்சம் கேட்டிருக்கறமுங்க. இன்னும் ரெண்டு மூணு தேறுமுங்களா?"

கோப்பில் இருந்த ஆய்வறிக்கை திறந்தே கிடந்தது. தான் எழுதிய கடைசி வரி இருந்த இடத்தில், 'கழிப்பறை கட்டுமுன் இது குறித்து மேலும் மூன்றாண்டு ஆராய்தல் நலம்' என்றிருப்பதை ராமாமணி பார்த்தார். நாற்பது பக்கச் சாமர்த்தியமும் வாயில் கசந்தது.

விஷயம் செல்லாத்தாள் காதுக்கு எட்டியது. மறுநாளே அவர் கல்லூரிக்கு வந்துவிட்டார். "மாட்டுச்சாளை கட்ட வந்த கொத்தனார் சும்மா இருக்கறானுங்க. செங்கல்லும் மிச்சங் கெடக்குது. ரெண்டு ரூம்பு நானே கட்டிக் குடுத்துபோடறனுங்க."

கல்லூரி எழுத்தில் பதில் தந்தது: 'தங்கள் நல்லெண்ணத்துக்கு நன்றி. எனினும் கழிப்பறை கட்டுவது ஆய்வுக் களத்தின் இயல்பைக் குலைக்கும்.'

பிறகு முதல்வர், இன்னொரு கருத்தரங்குக்காக ஜீப்பில் ஊட்டிக்குப் போனார். திரும்பப் பத்து நாளாகும்.

"கட்டுங்க. வாரது வரட்டும்" என்றார் ராமாமணி.

ஒன்பதாம் நாள் கல்லூரிக்குள் இரண்டு அறைகளும் தயார். செல்லாத்தாள் வீட்டிலிருந்து குழாயும் இழுத்தாயிற்று. ராமாமணி காரமடைக்குப் போய் அரைநாள் மன்றாடி, உடம்பு தேறியிருந்த ரங்கநாயகியைக் கையோடு கூட்டி வந்தார். புது அறைகளைப் பார்த்துவிட்டு அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"இனித் தண்ணி குடிக்கலாங்களா டீச்சர்?"

ஊட்டியிலிருந்து திரும்பிய முதல்வர் அதிர்ந்துபோனார். அடுத்த வாரம் டெல்லி நிபுணர் குழு வருகிறது. கழிப்பறை இருந்தால் எட்டு லட்சம் எப்படி வரும்? அன்று மாலையே இரண்டு கதவுகளிலும் பெரிய பித்தளைப் பூட்டுகள் தொங்கின. அவை 'ஆய்வுக் கருவிகள்' என்ற தலைப்பில் வாங்கப்பட்டவை.

நிபுணர் குழு வந்து ஜீப்பைப் பாராட்டிக்கொண்டிருந்தபோது, 'டணார்' என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தார்கள். செல்லாத்தாள் வீட்டுச் சம்மட்டியைப் பிடித்தபடி ராமாமணி இரண்டாவது பூட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தார். பின்னால் எண்பத்து மூன்று பேரும் வரிசையில் நின்றார்கள். குழுவில் இருந்த ஒரே பெண் நிபுணர், காலை ஆறு மணிக்கு ரயிலிறங்கியவர், யாரையும் கேட்காமல் போய் வரிசையில் சேர்ந்துகொண்டார்.

எட்டு லட்சம் வரவில்லை. குற்றப்பத்திரிகை வந்தது.

'தாங்கள் மாணவியர் எவரும் படிப்பை விட்டு நின்றுவிடாதபடி திட்டமிட்டுச் செயல்பட்டு, அதன் மூலம் இக்கல்லூரியின் வளர்ச்சிக்குக் குந்தகம் விளைவித்துள்ளீர்கள். தங்கள்மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது?'

ராமாமணி இரண்டு முறை படித்தார். பிறகு அதன் அடியிலேயே, "குற்றத்தை முழுமனத்துடன் ஒப்புக்கொள்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.