குலுக்கல் மன்னர் கண்டுபிடித்த இதயநோய்

மனிதர்களில், எது நடந்தாலும் ஒரே காரணத்தைச் சொல்லும் 'ஒற்றைக் காரணர்' என்று ஒரு வகை உண்டு. நம்மவர் அதில் ஆராய்ச்சிக்கூடத்து ரகம். கூடத்தில் எல்லோரும் அவரை 'மைக்ரோ' என்றே கூப்பிடுவார்கள்.

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது உயிரணுவுக்குள் உலவும் சின்னஞ்சிறு துணுக்கு. 'இந்தப் புரதத்தைச் செய்' என்று மரபணு ஆணை அனுப்பினால், இது வழியிலேயே மடக்கி அமுக்கிவிடும். ஒரே துணுக்கு நூறு ஆணைகளை அமுக்கும். ஒரே ஆணையைப் பத்துத் துணுக்குகள் சேர்ந்தும் அமுக்கும். சர்க்கரை, புற்றுநோய், இதயநோய் என்று எதைத் தொட்டாலும் அதற்கும் ஒரு பங்கு இருக்கிறது. இது போதாதா மைக்ரோவுக்கு? மச்சானின் வழுக்கை, மேலதிகாரியின் சிடுசிடுப்பு, மாடிவீட்டுக்காரரின் குறட்டை எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். லிஃப்ட் பழுதானது? அதைச் சரிபார்க்க வந்தவருக்கு ஏதோ ஒரு துணுக்கு கூடிப்போயிருக்குமாம்!

இத்தனை வருஷமும் ஆபீஸும் வீடுமாகக் கிடந்த அவருடைய அக்கா, முதன்முறையாகத் தோழிகளோடு மலையேறப் பூட்ஸ் வாங்கிவிட்டாள். தம்பி சும்மா இருப்பாரா? ரத்தம் எடுத்தார். குழாயைக் குலுகுலுவென்று குலுக்கினார். குலுக்குவதில் மனிதர் மன்னர்! சோதித்ததும் முகம் பேயறைந்தது போலாயிற்று.

"அக்கா, இதயத்துக்கு ஆகாத துணுக்கு எக்கச்சக்கமா இருக்கு. மலையெல்லாம் வேணாம்."

"நெஜமாவாடா?"

அக்கா பூட்ஸைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அழுதாள், பாவம்.

தம்பிக்கும் மனசு கேட்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கத் தன் ரத்தத்தை எடுத்தார், குலுக்கினார். அக்காவைவிட அதிகம்! மச்சானுடையதையும் குலுக்கினார். அதைவிட அதிகம்! குடும்பமே போச்சு என்று தலையில் கைவைத்தவர், குழாய்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மேலே மஞ்சளாகத் தெளிந்து நிற்கவேண்டிய நீர் ரோஸ் நிறத்தில் சிரித்தது. அடக் கடவுளே! குலுக்கிய குலுக்கலில் சிவப்பணுக்கள் உடைந்து, அவற்றுக்குள் மூட்டை மூட்டையாகக் கிடந்த அதே துணுக்கு வெளியே கொட்டியிருக்கிறது.

அக்காவின் ரத்தத்தை மறுபடி எடுத்து வந்து சோதித்தார், குலுக்காமல். அக்காவுக்கு ஒன்றுமே இல்லை. மூச்சிரைக்க அக்கா வீட்டுக்கு ஓடினார்.

"அக்கா, கிளம்பு! நோய் உனக்கில்ல, என் கைக்குத்தான்!"

"அடப்பாவி! ரெண்டு நாளா சோறு எறங்கலடா எனக்கு!" முதுகில் ஒன்று வைத்துவிட்டு, அக்கா துள்ளிக்கொண்டு பூட்ஸை மாட்டினாள்.

"ஆனா அக்கா, என் கை ஏன் அப்படிக் குலுக்குச்சு? அதுக்குப் பின்னால ஏதோ ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ…"

அக்கா அதற்குள் தெருமுனை தாண்டிவிட்டாள்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். மகனுக்குத் தலைவலி, மகளுக்கு மார்க் குறைவு, வீட்டுக்காரருக்குக் கோபம், மூன்றுக்கும் சேர்த்து நேற்று "எல்லாம் இந்த செல்போனால வந்தது" என்று தீர்ப்புச் சொன்னது யாராம்?