தட்டை விடாத கை

எனக்குப் பொய் சொல்ல வராது என்று வீட்டில் ஒரு நல்ல பேர் உண்டு. அந்தப் பேரை நம்பி ஒரே ஒரு முறை பெரிய பொய் ஒன்றைக் கட்டிக் காத்தேன். என் கையே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

கழுத்தில் வீங்கியிருந்த தைராய்டை ஆபரேஷன் செய்து எடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கால்சியம் மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது, உதடோ விரலோ மரத்துப்போனால் உடனே வர வேண்டும் என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார். ஆனால் தங்கை சுமதியின் நிச்சயதார்த்தம் நெருங்கிவிட்டது. அம்மா அப்பா இல்லாததால் நானும் என் வீட்டுக்காரரும்தான் தட்டு மாற்ற வேண்டும். மாப்பிள்ளை வீடு வானூர். அக்காவுக்கு இருப்பது தங்கைக்கும் வரும் என்று அவர்கள் பின்வாங்கிவிட்டால்? மாத்திரைகளை அரிசி டப்பாவுக்குள் ஒளித்தேன். வீடு நிறைய உறவுக்காரர்கள். நாலு நாளாக டப்பாவைத் திறக்கவே வழியில்லை. தழும்பை மறைக்க, கழுத்து மூடிய ரவிக்கை வேறு. (எங்கள் மரக்காணத்து உப்பளத்தில் உப்புகூட அவ்வளவு வெந்திருக்காது.)

நிச்சயதார்த்தத்தன்று காலையிலிருந்தே உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் மரத்தது. களைப்பு என்று எனக்கே ஒரு பொய் சொல்லிக்கொண்டேன்.

கூடத்தில் வீட்டுக்காரரோடு நின்று தட்டை நீட்டினேன். மாப்பிள்ளையின் அம்மா வாங்கினார். என் விரல்கள் விறைத்து, கட்டைவிரல் உள்ளே மடங்கி, தட்டின் விளிம்பைக் கவ்விக்கொண்டன. அவர் இழுத்தார். தட்டோடு நானும் போனேன். மறுபடி இழுத்தார். ஒரு தேங்காய் உருண்டு மாப்பிள்ளையின் மடியில் விழுந்தது.

"விடும்மா," என்றார் அவர், மெதுவாக. "பொண்ணு குடுக்க இஷ்டம் இல்லியா?"

தங்கையின் வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேன் என்று கண்ணீர்தான் வந்தது. என் முகத்தைப் பார்த்த சுமதிக்குப் புரிந்துவிட்டது. மணப்பெண் என்பதையும் மறந்து எழுந்து வந்து என் ரவிக்கையின் கழுத்துப் பட்டனைக் கழற்றினாள்.

"அக்காவுக்குத் தைராய்டு ஆபரேஷன் ஆயிருக்குதுங்க. எனக்காக மறைச்சிட்டாங்க."

அந்த அம்மா தழும்பைப் பார்த்தார். மகனிடம் காரை எடுக்கச் சொன்னார். தட்டு என் கையை விடாததால் அவரும் அதன் மறுபக்கத்தைப் பிடித்தபடியே பின்சீட்டில் ஏறினார். அரசு ஆஸ்பத்திரிக்குள் இரண்டு பட்டுப்புடவைகளும் வெற்றிலை பாக்கும் வாழைப்பழமுமாக நுழைந்தோம். நர்ஸ் பழத்தை நகர்த்தி நரம்பைத் தேடினார்.

கால்சியம் மருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. சிறிது நேரத்தில் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. தட்டு நழுவியது. அந்த அம்மா அதைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டார்.

"வாங்கிக்கிட்டேன்," என்றார். "நிச்சயம் ஆயிடுச்சு. நீ படு."

சுமதிக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். நிச்சயதார்த்தம் எந்த மண்டபத்தில் நடந்தது என்று யார் கேட்டாலும், மரக்காணம் அவசர சிகிச்சைப் பிரிவில் என்றுதான் மாப்பிள்ளை சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான். சிரித்து முடித்ததும், யாருக்கும் தெரியாமல் உதட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.