பத்து மீட்டர் அம்மன்

தாராவியில் அம்மன் பேச ஆரம்பித்து நாலு செவ்வாய்க்கிழமை ஆகிவிட்டது. கனவில் வருவது, யார் மேலாவது இறங்குவது என்ற பழைய பாணியெல்லாம் இல்லை. ஆறுமுகநயினார் சாமியின் பத்துக்குப் பத்துக் கோலியில், அதாவது ஒற்றை அறை வீட்டில், வேப்பிலை மூடிய பித்தளைக் குடத்துக்குள்ளிருந்து நேரடியாகவே பேசினாள். குரல் மட்டும் கட்டை ஆம்பளைக் குரல். "உக்கிரத்துல இருக்கா" என்று சாமி விளக்கம் சொன்னதும் ஜனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சுனாபட்டியிலிருந்து வந்தார்கள், தேவ்நாரிலிருந்து ஆட்டோ பிடித்து வந்தார்கள், கோபர்கைரனேயிலிருந்து ஒரு குடும்பமே லீவு போட்டுவிட்டு வந்தது. தோல்பை செய்கிற பட்டறைக்கார ஹமீதுகூட வரிசையில் நின்றார். அம்மன் சாதி மதம் பார்க்கவில்லை. தட்டில் விழுவதை மட்டும் பார்த்தாள்.

ஹமீதின் பட்டறையில் பைகளுக்கு உள்துணி ஒட்டுகிற சண்முகவடிவும் அந்த வரிசையில் நின்றாள். முந்தானையில் மாத்திரை அட்டை ஒன்றை முடிந்து வைத்திருந்தாள். மகள் முத்துமாரிக்குப் பதினோரு வயது, வலிப்பு நோய். ஆஸ்பத்திரி டாக்டர் கொடுத்த மாத்திரையில் ஒன்றரை வருஷமாகப் பிள்ளை ஒரு தடவைகூட விழவில்லை. ஆனால் போன செவ்வாயன்று அம்மன் உத்தரவு போட்டுவிட்டாள்.

"மாத்திரைய எங் காலடியில கொண்டாந்து போட்டுரு. புள்ளைய நான் பாத்துக்கிடுதேன்."

குடத்துக்குக் கால் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. சண்முகவடிவுக்கோ கேட்கிற தைரியமே இல்லை. மாத்திரையை நிறுத்தினால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ, நிறுத்தாவிட்டால் அம்மன் என்ன செய்வாளோ என்று ஒரு வாரமாகச் சோறு இறங்காமல் கிடந்தாள். துணைக்குப் பக்கத்து வீட்டு ராபியாவை இழுத்து வந்திருந்தாள். ராபியா செல்போன் ரிப்பேர்க் கடை வைத்திருப்பவள்.

சாமி கற்பூரம் காட்டினார். குடத்துக்குள் "டுடுங்" என்று ஒரு சத்தம்.

"தாயி வந்துட்டா! குலவை போடுங்க!"

முப்பது பெண்கள் குலவையிட்டார்கள். ராபியா மட்டும் சண்முகவடிவின் காதருகே குனிந்தாள்.

"அக்கா, இந்தச் சத்தம் எங் கடையில நாள் முச்சூடும் கேக்கும். புளூடூத் ஸ்பீக்கர் போனோட சேந்தா இப்படித்தான் கத்தும். போன விட்டுப் பத்து மீட்டர் தள்ளிட்டா வாய மூடிரும்."

"வாய மூடுட்டி. தெய்வக் குத்தம்."

"தெய்வந்தான? அப்பம் ஒங்க வீட்டுக்கு ஒரு எட்டு வரச் சொல்லுங்க. பத்து மீட்டர் தாண்டி வந்து பேசட்டும், மாத்திரைய நானே அவ காலடியில போடுதேன்."

இதில் தப்பு ஒன்றும் சண்முகவடிவுக்குத் தெரியவில்லை. பக்தியோடுதான் கேட்டாள். "தாயி, எம் புள்ளையத் தொட்டுப் பாத்துட்டு ஒரு வார்த்த சொல்லிருவியா? நாலு வீடு தள்ளித்தான் எங் கோலி."

"அசைய மாட்டேன்!" என்றது குடம், கொஞ்சம் அவசரமாக.

"குடம் எடத்த விட்டு நகரப்படாது" என்று சாமியும் சேர்ந்துகொண்டார். திருநெல்வேலி ஜனத்திடம் சொல்லக்கூடிய காரணமா இது? கோயில் கொடைத் திருவிழாவென்றால் குடத்தைத் தலையில் தூக்கித் தெருத் தெருவாகச் சுற்றி வளர்ந்தவர்கள்.

"ஏன், ஊர்ல அம்மன் தெருச் சுத்தலியா? தூக்குட்டி!" என்று அதட்டினாள் வரிசையில் முதலில் நின்ற முப்பிடாதியம்மாள். சாமி குறுக்கே வருவதற்குள் குடம் சண்முகவடிவின் தலைக்கு ஏறிவிட்டது.

முதல் வீடு வரைக்கும் குடம் "எறக்கு, கண்ணக் குத்திருவேன்" என்று மிரட்டியது. இரண்டாவது வீட்டில் திக்கியது. மூன்றாவது வீட்டில் ஊமையாகிவிட்டது. ராபியா போனை எடுத்து எதையோ தட்டினாள். குடம் மறுபடி "டுடுங்" என்றது. கடையில் ஸ்பீக்கரைச் சோதித்துக் காட்ட அவள் போனில் மைக் ஆப் ஒன்று உண்டு. அதைத் திறந்து போனை வாயருகே வைத்துக்கொண்டாள்.

குடம் அச்சாக ராபியாவின் குரலில் பேசியது. "அக்கா, நான் டாக்டருக்குப் படிச்சிருக்கேனான்னு ஒரு தடவ கேளுங்க."

குலவை பாதியில் நின்றது. பின்னால் மூச்சிரைக்க ஓடி வந்த சாமி, தன் பக்கத்துக் கோலிக்குள்ளிருந்து போனும் கையுமாக வெளிப்பட்ட மீசைக்காரனைப் பார்த்துப் பதற்றத்தில் கத்திவிட்டார்.

"ஏலே பத்ரி, கனெக்ட் பண்ணுல!"

"ஆவ மாட்டேங்கு சாமி! வேற போன்ல மாட்டிக்கிட்டு!"

கட்டைக் குரல். நாலு வாரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கேட்ட அதே உக்கிரக் குரல்.

சண்முகவடிவு குடத்தை இறக்கி வேப்பிலையைப் பிய்த்தெறிந்தாள். மஞ்சள் துணிக்குள் கைக்கு அடக்கமாக ஒரு ஸ்பீக்கர், நீல விளக்கோடு. இதன் காலடியில் பிள்ளையின் உயிரைப் போட இருந்தோமே என்று அதை வெளியே பிடுங்கினாள். நழுவப் பார்த்த சாமியின் வழியை ஹமீது மறித்துக்கொண்டு நின்றார்.

"எம் புள்ள வலிப்பு வந்து அடுப்புல விழுந்திருந்தா, இந்த டப்பா ஓடி வந்து தூக்கியிருக்குமாவே?" என்றாள் சண்முகவடிவு.

ஸ்பீக்கரைச் சாமியின் காலடியில் போட்டுவிட்டு, முந்தானை முடிச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அவள் வீட்டுக்கு ஓடினாள்.

முப்பிடாதியம்மாள் மெதுவாகக் கேட்டாள். "அப்பம் இவ்ளோ நாளா நம்மகிட்ட பேசுனது யாருட்டி?"

"இதக் கேக்க ஒங்களுக்கு நாலு செவ்வாக்கெழம ஆயிருக்கு ஆச்சி" என்றாள் ராபியா. "அடுத்த குடம் வந்தா, மொத நாளே கேளுங்க."