மஞ்சள் விளக்கின் வாக்குமூலம்

“வேனுக்கு எண்ணெய் நேத்துதான் சார் மாத்துனோம்.”

“அப்ப விளக்கு ஏன் எரியுது?”

“மாத்தினதை அதுக்கு யாரும் சொல்லலை சார்.”

“நாம எதுக்குய்யா சொல்லணும்? அதுதான் நமக்குச் சொல்லும்!”

உலகம் எத்தனையோ மேதைகளைக் கண்டிருக்கலாம். ஆனால் வேனின் டாஷ்போர்டில் எரியும் ஒரு மஞ்சள் விளக்கை, பெற்ற தாயைப்போல நம்பியவர், அலுவலக வாகனப் பிரிவின் மேலாளர் ஒருவர்தான். பதினோரு வருடமாக அந்த வேனை ஓட்டும் ஓட்டுநர், விளக்குக்குக் கீழே இருந்த பொத்தானில் விரலை வைத்தார்.

“அது ஓடின தூரத்தை மட்டும்தான் எண்ணும் சார். எண்ணெயை எட்டிக்கூடப் பார்க்காது. இந்தப் பொத்தானைப் பத்து விநாடி அழுத்தினா அணைஞ்சிடும்.”

“கையை எடு! உண்மையை அமுக்கப் பாக்குறியா?”

அன்றே மறுபடியும் எண்ணெய் மாற்றப்பட்டது. விளக்கு அசரவில்லை. மறுநாள் இன்னொரு முறை. அதற்கும் அசரவில்லை. எனவே மூவர் குழு அமைந்தது. அது வேனுக்குள்ளேயே அமர்ந்து நாற்பது நிமிடம் ஆராய்ந்து, “விளக்கு எரிவதை ஒருமனதாகக் கண்டோம். சந்தேகத்துக்குரிய எண்ணெயை வடித்து, முத்திரையிட்டுப் பாதுகாக்கவும்” என்று எழுதியது.

வடிக்க வந்த மெக்கானிக் வேறு யாருமில்லை, ஓட்டுநரின் மச்சான்தான். கடைசிச் சொட்டு வரை வடித்து, டப்பாவை மேலாளரின் அலமாரியில் வைத்துவிட்டு வந்தான்.

“புது எண்ணெய் எங்கடா மச்சான்?”

“வடிக்கத்தான் மாமா உத்தரவு. ஊத்தச் சொல்லி ஒரு வரிகூட இல்லையே.”

மாலையில் குழு இறுதி ஆய்வுக்கு வந்தது. மூத்த உறுப்பினர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து சாவியைத் திருப்பினார். விளக்கை நெருக்கத்தில் ஆராயக் குனிந்தவர், அப்படியே கண்ணயர்ந்தார். மூக்கு சரியாகப் பொத்தானின் மேல். பத்து விநாடி. விளக்கு அணைந்தது.

“பாத்தியா?” மேலாளர் துள்ளினார். “எண்ணெயை எடுத்தோம், கோளாறு போச்சு! ஆக, கோளாறே எண்ணெய்தான்.”

“சார், எண்ணெய் இல்லாம ஓட்டினா என்ஜின் இறுகிப் போயிடும் சார்.”

“விளக்கு எரியுதா?”

“இல்ல சார்.”

“அப்புறம் என்ன? இயக்குநர் காத்திருக்காரு, கிளம்பு. மாட்டேன்னா இப்பவே சொல்லு, வேற ஆள் பாத்துக்கறோம்.”

சான்றிதழ் அங்கேயே தயாரானது. ‘வாகனம் பூரண நலம்.’ மூன்று கையெழுத்து, மூன்றும் பச்சை மையில். அதன் கீழே பொடி எழுத்தில்: ‘இனி நேரும் பழுதுக்கு ஓட்டுநரே பொறுப்பு.’ அதற்கும் கீழே, நான்காவது கையெழுத்துக்காக ஒரு கோடு.

ஓட்டுநர் பேனாவை வாங்கினார். கோட்டைப் பார்த்தார். வேனைப் பார்த்தார். கடைசியில் மேலாளரைப் பார்த்தார்.

“வண்டியில எண்ணெய் இல்லைன்னு இதுலயே ஒரே ஒரு வரி, உங்க கையால எழுதிக் குடுங்க சார்.”