மூன்றாம் மாடியில் ஆறு எருமைகள்

மதிப்பிற்குரிய மூத்த சகோதரி அவர்களின் சமூகத்துக்கு, இளைய சகோதரன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் என் மனைவியும் கடையும் சௌக்கியம். அங்கே தாங்களும் தங்கள் மகள் குடும்பமும் சௌக்கியமா என்று கேட்பது முறை, ஆகவே கேட்டுவிட்டேன். பதினோரு நாட்களாகத் தாங்கள் போனை எடுக்காத காரணத்தால், இந்தக் கடிதத்தை நம் மெக்கானிக் பையன் ‘ஸ்பேனர்’ கையில் கொடுத்து பஸ் ஏற்றி அனுப்புகிறேன். அவனுக்கு ஒரு வேளை சாப்பாடு போட்டு அனுப்பவும். என்னைப் பற்றி அவன் ஏதாவது சொன்னால் நம்ப வேண்டாம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். தாங்கள் திரும்பி வர வேண்டும் என்று கெஞ்சுவதற்காக இதை எழுதவில்லை. கடை ஜம்மென்று நடக்கிறது. தாங்கள் உட்கார்ந்திருந்த மூலையில் இப்போது ஒரு பூந்தொட்டி வைத்திருக்கிறேன். பார்க்க லட்சணமாக இருக்கிறது, எதிர்த்துப் பேசுவதும் இல்லை. சில்லறைக் குழப்பங்கள் சில மட்டும் நேர்ந்தன. அவை யாரால் நேர்ந்தன என்பதைப் பதிவு செய்யவே இந்தக் கடிதம்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், வீட்டுச் சாமான் ரிப்பேர் கடைக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வரச் சொன்னால், ஆஸ்பத்திரியை மூடிவிட்டுப் போகிற மாட்டு டாக்டரிடம் போய், அவருடைய பழைய கம்ப்யூட்டரை உள்ளே இருந்த மாட்டாஸ்பத்திரி சாஃப்ட்வேரோடு சேர்த்து வாங்கி வந்தது யார்? நானா? அதில் ஃப்ரிட்ஜ் என்று பதிய இடமே இல்லை. மாடு, எருமை, ஆடு, பூனை, கோழி, மற்றவை, அவ்வளவுதான். வேறு யாராக இருந்தாலும் தூக்கிப் போட்டிருப்பார்கள். தாங்களோ ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, ஃப்ரிட்ஜ் மாடு, வாஷிங் மெஷின் எருமை, மிக்ஸி பூனை, ஃபேன் கோழி என்று ஏற்பாடு செய்தீர்கள். வாரண்டி இருந்தால் ‘சினை’, வாரண்டி முடிகிற நாள் ‘கன்று ஈனும் தேதி’, வருடாந்திர சர்வீஸ் ‘தடுப்பூசி’, இனித் தேறாது என்றால் ‘இறந்தது’, பழைய மோட்டாரைக் கழற்றி எடுத்தால் ‘காயடிப்பு’. ஆறே மாதத்தில் கடை முழுக்க இதே பாஷை. ஸ்பேனர், வாசலில் எருமை வந்திருக்கிறது, இறக்கு என்று நானே தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தியிருக்கிறேன். வெளியாள் கேட்டால் என்ன நினைப்பான் என்று ஒரு நாளாவது யோசித்தாயா? யோசித்தீர்களா?

இந்தக் கூத்துக்கு ஒரு முடிவு கட்டி, கடையை நவீனமாக்கத்தான், புது சாஃப்ட்வேர் போட ஒரு சிஸ்டம்காரரைப் பிடித்தேன். அவர் வேறு ஊரில் உட்கார்ந்துகொண்டு போனிலேயே வேலை பார்ப்பவர்; நம் கடையைக் கண்ணால் பார்த்ததில்லை, என்ன கடை என்று நானும் சொன்னதில்லை. அன்றைக்கு அவர் ஸ்பீக்கரில் இருந்தபோது, பழைய சாஃப்ட்வேரில் எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று உங்கள் அக்காவிடம் கேட்டுக்கொள்கிறேன் என்றார். “அவங்களுக்கு இதெல்லாம் புரியாது சார், என்கிட்டயே கேளுங்க” என்றேன். பேச்சுவாக்கில் வந்தது. அதற்காக ஒரு மனுஷி, பத்தொன்பது வருடம் உட்கார்ந்த நாற்காலியிலிருந்து எழுந்து, மூக்குக்கண்ணாடியைக் கூட்டில் போட்டு, முதுகுக்கு வைக்கிற தலையணையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடையைக் கட்டுவாளா? தலையணையை எடுத்தபோதே இது சாயந்திரம் திரும்புகிற கோபம் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நீ போன மறுநாள் அவர் என்னையே கேட்டார். அந்தக் கம்ப்யூட்டரில் நான் ஒரு பொத்தானைக்கூட அழுத்தியதில்லை என்பது அவருக்கு ஏன் தெரிய வேண்டும் என்று டாண் டாணென்று பதில் சொன்னேன்.

“ஒரு நாளைக்கு எத்தனை எருமை சார் வரும்?”

“நாலஞ்சு வரும். மழைக்காலம்னா இன்னும் ஜாஸ்தி.”

“தேறாதுன்னா என்ன பண்ணுவீங்க?”

“பிரிச்சுடுவோம். நல்ல பாகத்தையெல்லாம் எடுத்து வேற எருமைக்குப் போட்டுடுவோம்.”

பிறகு பூனையைப் பற்றி மெதுவாக விசாரித்தார். பூனையெல்லாம் ஒரு விஷயமே இல்லை, தலைகீழாகப் பிடித்து அடிப்பக்கத்தைக் கழற்றினால் ஐந்து நிமிட வேலை என்றேன். அவர் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. பெரிய நிபுணரிடம் பேசுகிறோம் என்று மலைத்துப் போயிருக்கிறார் என நினைத்தேன். இரண்டே நாளில் ஏழாயிரம் பதிவையும் ஒன்று விடாமல் புது சிஸ்டத்துக்கு மாற்றிவிட்டார். கால்நடை மருத்துவமனைகளுக்கென்றே அவரிடம் ஒரு தனி ஏற்பாடு இருக்கிறதாம், நமக்கு அதையே போட்டிருக்கிறாராம்; மாட்டு டாக்டர் சாஃப்ட்வேருக்கு அதுதான் பொருந்தும் போல என்று விட்டுவிட்டேன். இனி வாடிக்கையாளருக்கெல்லாம் தானாகவே போனில் தகவல் போகும் என்றார்.

போயிற்று. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியருக்கு முதல் தகவல்: ‘வாழ்த்துகள்! உங்கள் எருமை வரும் சனிக்கிழமை கன்று ஈனும். வைக்கோல் பரப்பி வைக்கவும்.’ மனிதர் அதை ஒரு தாளில் எழுதி, பத்துக்கு இரண்டு மதிப்பெண் போட்டு, கடைக்கே கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனார். அடுத்து போட்டோ ஸ்டுடியோக்காரருக்கு, ‘உங்கள் கோழியைக் காப்பாற்ற இரவு பகலாகப் போராடினோம், மன்னிக்கவும்’ என்று போயிருக்கிறது. அது அவருடைய டேபிள் ஃபேன். போனைப் பார்த்தது அவர் மனைவி. யார் அந்தக் கோழி என்று அந்த வீட்டில் இன்னும் விசாரணை முடியவில்லை. தையல்கார அம்மாவுக்கு, ‘உங்கள் பூனைக்குக் காயடிப்பு நல்லபடியாக முடிந்தது, மூன்று நாள் நக்கவிடாமல் பார்த்துக்கொள்ளவும்’ என்று போனதைக்கூடச் சமாளித்திருப்பேன். ஆனால் அந்த அம்மாவிடம் நிஜமாகவே ஒரு பூனை இருக்கிறது, அது இரண்டு நாளாக வீட்டுக்கு வரவில்லை. கத்தரிக்கோலோடு வந்து நின்றாள். நான் ஸ்பேனரைக் கை காட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

பெண்கள் விடுதி விவகாரம்தான் பெரிது. மூன்றாம் மாடியில் அவர்களுடைய ஆறு வாஷிங் மெஷின் இருக்கிறதல்லவா, அவற்றுக்குத் தடுப்பூசி போடும் நாள் நெருங்கிவிட்டது என்று ஒரு தகவல். நம்மிடம் இருந்த எண் விடுதிக்கார அம்மாவுடையது இல்லை, கட்டிடச் சொந்தக்காரருடையது. ‘மூன்றாம் மாடி. எருமை ஆறு. அதில் இரண்டு சினை.’ தளம் பாரம் தாங்குமா என்று பார்க்க அந்த ஆள் ஒரு இன்ஜினியரையே கூட்டிக்கொண்டு மூச்சிரைக்க மாடி ஏறியிருக்கிறார். குளித்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் அலறியிருக்கிறார்கள். அதன் பிறகு விடுதிக்கார அம்மா போனில் என்னைத் திட்டியதை எந்தப் பாஷையிலும் எழுத முடியாது. கடைசியாக, “அக்கா வந்தாச்சுன்னா சொல்லுங்க. அதுவரைக்கும் உங்க கடை ஆள் ஒருத்தரும் இந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது” என்று வைத்துவிட்டாள். எல்லோரும் இதையேதான் கேட்கிறார்கள், அக்கா எங்கே, அக்கா எங்கே என்று. கடை என் பெயரில்தானே இருக்கிறது?

இத்தனைக்கும் நான் அசரவில்லை. நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. எந்தக் கட்டத்துக்கு என்ன அர்த்தம் என்று ஒரு தாளில் எழுதி ஸ்பேனரிடம் கொடுத்தனுப்பு. தாள் வந்தால் போதும். நீ வர வேண்டியதில்லை. பூந்தொட்டியை மறுபடி நகர்த்த என் முதுகு இடம் கொடுக்காது.

மருமகளுக்கு என் ஆசி. மாப்பிள்ளைக்கு வணக்கம், அவர் வீட்டு ஃபேனை ஸ்பேனர் பார்த்துவிடுவான், கோழியைக் கொண்டாங்க என்று கேட்டால் பயப்பட வேண்டாம். வீட்டில் எல்லோரும் தீர்க்காயுசாக இருக்கட்டும், உன் கோபத்தைத் தவிர.

இப்படிக்கு,
தவறு எதுவும் செய்யாத உன் தம்பி.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது கடை போனுக்கு ஒரு தகவல் வந்தது. ‘வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு உங்கள் செல்லத்துக்கு ரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றோடு அழைத்து வரவும்.’ இது எந்த மாடு என்று திறந்து பார்த்தேன். இனம்: மற்றவை. பெயர்: தம்பி. உரிமையாளர் என்ற இடத்தில் உன் பெயர். மூன்று மாதத்துக்கு ஒரு முறை என் சர்க்கரை அளவு, பதினோரு வருடத்துக்கும், ஒன்று விடாமல். நாளைக்குச் சாப்பிடாமல் வா என்று நீ சொல்லும்போதெல்லாம், இவளுக்கு என்ன ஞாபகசக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு இடத்தில் ‘ஊசிக்கு அழுதது’ என்று வேறு எழுதி வைத்திருக்கிறாய், ஒன்றுதான் உண்மை. சுபாவம் என்ற கட்டத்தில், ‘உறுமும். பயப்பட வேண்டாம், கிட்டே போகலாம்.’

அக்கா, மேலே எழுதியது அத்தனையும் ரத்து. புரியாது என்று உன்னைச் சொன்னேனே, புரியாதவன் நான்தான். தப்புதான். தாள் வேண்டாம். வெள்ளிக்கிழமை உன் ஊரிலிருந்து முதல் பஸ் ஆறரைக்கு இங்கே வரும், பஸ் ஸ்டாண்டில் வெறும் வயிற்றோடு வந்து நிற்பேன். உரிமையாளர் கூட இல்லாமல் ஊசிக்குக் கையை நீட்ட மாட்டேன்.